காற்று, சக்கரம், நீர், தீ, சல்லடை

அன்புள்ள அப்பா,

பழைய லேப்டாப் போன வாரம் ஒரேயடியாகக் கண்ணை மூடிவிட்டது. பதுளை டவுனில் வேறொன்று வாங்கி வந்தேன். வேலைக்குத்தான் என்று வீட்டில் சொன்னாலும், முதலில் அதில் ஏற்றியது நம்முடைய தீவு விளையாட்டைத்தான். தொடக்கத்தில் வரும் படகு, அதே அலைச் சத்தத்தோடு கரைக்கு வந்தது. எத்தனையாவது தடவை என்று கேட்காதீர்கள். என் வீட்டுக்காரரே கேட்பதை விட்டுவிட்டார்.

பண்டாரவளைக்குக் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போன காலத்தில் சிநேகிதி ஒருத்தி கொடுத்தது அது. ஆளில்லாத ஒரு தீவு. சுடுவதும் இல்லை, துரத்துவதும் இல்லை. பூட்டிய கதவுகள், விசித்திரமான இயந்திரங்கள், யாரோ எழுதி வைத்துவிட்டுப் போன ஒரு டயரி. யோசித்து யோசித்துத்தான் ஒவ்வொரு கதவையும் திறக்க வேண்டும். நான் நம் தோட்டத்து லயத்து வீட்டில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தபோது, ஃபெக்டரியில் இருந்து தேயிலைத் தூள் படிந்த சட்டையோடு வந்து பின்னால் நின்றீர்கள். "இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் என்னம்மா இருக்கு?" என்று கேட்டீர்கள். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டீர்கள். டயரியின் இங்கிலீஷை வாசித்துச் சொல்வது என் வேலை, யோசிப்பது உங்கள் வேலை. சோறு ஆறுகிறது என்று அம்மா திட்டுவது இரண்டு பேருக்கும் பொது.

எனக்குப் பொறுமை கிடையாது, கண்டதையும் அழுத்திப் பார்ப்பேன். நீங்கள் கையைப் பிடித்துத் தடுப்பீர்கள். "கண்டுபிடிச்சுத் தொறக்கணும். சும்மா இழுத்துப் பாத்துத் தொறந்தா அது களவும்மா" என்பீர்கள்.

எல்லாக் கதவும் திறந்தது, பாழடைந்த ஆலையின் கடைசிக் கதவைத் தவிர. தீவுக்காரர்கள் ஏதோ மூலிகை இலையைப் பதப்படுத்திய ஆலை அது. சுவரில் ஐந்து பிடிகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு படம்: தீ, நீர், சல்லடை, காற்று, சக்கரம். எந்த வரிசையில் இழுப்பது? இங்கிலீஷ் விளையாட்டுக்கு விடையும் இங்கிலீஷில்தான் இருக்கும் என்று இருவரும் நம்பிவிட்டோம். டயரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னீர்கள். கொழும்பில் எனக்கு வேலை கிடைத்த பிறகும், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நான் வரும்போதெல்லாம் அதே டயரி, அதே ஐந்து படங்கள். தனியாக அதைத் திறப்பதில்லை என்று உங்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போர்டிங் அறையில் பொழுது போகாமல் அந்த வாக்கை மீறினேன். ஃபோனில் விடையைத் தேடினேன், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பார்த்ததை அப்படியே இழுத்தேன், கதவு திறந்தது. உள்ளே என்ன இருந்தது என்பது அன்றைக்கு மனதில் பதியவே இல்லை.

மூன்று வாரம் கழித்து, ஃபெக்டரி வேலை முடிந்த கையோடு நீங்கள் ஃபோனில் கூப்பிட்டீர்கள். மூச்சு வாங்கியது. "ஏம்மா, அது நம்ம ஃபெக்டரிதான். மொதல்ல கொழுந்தக் காத்துல வாட்டுறோம். அப்புறம் சக்கரத்துல உருட்டுறோம். ஈரத்துல பரப்பி வைக்கிறோம். சூட்டுல காயப் போட்டு, கடைசியாத்தான் சலிக்கிறோம். டயரிய விட்டுரு."

காற்று, சக்கரம், நீர், தீ, சல்லடை. நான் களவெடுத்த விடையை நீங்கள் உழைத்துக் கண்டுபிடித்திருந்தீர்கள். சரி என்று சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பீர்களே என்ற பயம். அத்தனை நாள் நான் வாசித்த இங்கிலீஷ் ஒன்றுக்கும் உதவவில்லை என்ற வெட்கமும் இருந்தது, அதையும் மறைக்கமாட்டேன்.

"இல்லப்பா, அது இல்ல. டயரியில வேற மாதிரி போட்டிருக்கு" என்றேன். உங்களால் வாசிக்க முடியாத ஒன்றை உங்களுக்கு எதிராகவே சாட்சிக்குக் கூப்பிட்டேன்.

நீங்கள் சிரித்தீர்கள். "அதானே. நம்ம வேல அவங்க வெளையாட்டுல எங்க வரப்போகுது" என்றீர்கள்.

தீபாவளிக்கு வந்து, சும்மா முயன்று பார்ப்பதுபோல உங்கள் வரிசையை இழுக்கலாம், நீங்கள் துள்ளிக் குதிப்பீர்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது உங்களுக்கு நெஞ்சு வலி வந்தது. நான் பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

காரியம் முடிந்த அன்று, உங்களோடு ஃபெக்டரியில் வேலை செய்த மாமா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தேத்தண்ணி நேரத்தில் எல்லாம் நீங்கள் அந்த ஐந்து படங்களைப் பற்றியே பேசுவீர்களாம். வேறு வரிசை ஏதும் இருக்க முடியுமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டீர்களாம். "நீ சொல்றதுதான்யா சரின்னு நாங்க அடிச்சுச் சொன்னோம்மா. ஒங்கப்பா கேக்கல. எம் மக படிச்சவ, அவ இல்லன்னா இல்லதான்னு சொல்லிட்டாரு" என்றார்.

அந்த நம்பிக்கையைச் சுமந்துகொண்டுதான் ஒவ்வொரு தடவையும் அந்தத் தீவில் இறங்குகிறேன், அப்பா. ஆலைக்குள் போய் உங்கள் வரிசையில் ஒவ்வொரு பிடியாக இழுக்கிறேன். கதவு ஒரு தடவைகூட உங்களை மறுத்ததில்லை. மறுத்தது நான் மட்டும்தான்.