நான் மாடத்தில் இருந்தேன்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். என் முழங்கால் வலி தேவலை. உன் வீட்டுக்காரிக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்ததா? நலம் விசாரிப்பு இத்துடன் போதும். இது கோபத்தில் எழுதும் கடிதம். இரண்டு முறை கிழித்துப் போட்டுவிட்டு மூன்றாம் முறை எழுதுகிறேன். ஆகவே கொஞ்சம் ஆறின கோபம் என்று வைத்துக்கொள்.

போன செவ்வாய்க்கிழமை உன்னிடம் சொல்லாமல் உங்கள் நாடாளுமன்றத்துக்கு வந்திருந்தேன். எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கம் கூட்டிப்போனது. முப்பது பிள்ளைகளுக்கும் குறைவாகப் படிக்கும் பள்ளிகளை மூடும் மசோதா அன்றுதான் வருகிறது என்று தெரிந்ததும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். நீ எழுந்து எதிர்ப்பதைக் கண்ணால் பார்க்க ஆசை.

கட்டடம் அழகுதான். ஒரு தூணைக் கட்டிப்பிடிக்க மூன்று பேர் கைகோக்க வேண்டும். நடுக்கூடத்துச் சரவிளக்கைப் பற்றி மட்டும் வழிகாட்டிப் பெண் பதினோரு நிமிடம் சொன்னாள். பிறகு பார்வையாளர் மாடத்தில் உட்காரவைத்தார்கள். கம்பியில் கை வைக்கக் கூடாது, எட்டிப் பார்க்கக் கூடாது, சிரிக்கக் கூடாது. வலிக்கிறதே என்று காலை நீட்டினேன். காவலர் வந்து, அம்மா, காலை மடக்குங்க, சபைக்கு மரியாதைக் குறைவு என்றார். கீழே ஓர் உறுப்பினர் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். இருவர் நல்ல தூக்கம். சபையின் மரியாதை என் முழங்காலில்தான் இருக்கிறது போலும்.

மசோதாவின் முதல் வாக்கெடுப்பு நான்கு நிமிடத்தில் முடிந்துவிட்டது. விளக்குக்குப் பதினோரு நிமிடம், பள்ளிக்கூடங்களுக்கு நான்கு! நீ வாயே திறக்கவில்லை. ஆதரிப்பவர்கள் ‘ஆம்’ என்று சொல்லலாம் என்றார் அவைத்தலைவர். எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். அது அடங்கி அரை நொடி கழித்து, தனியாக இன்னோர் ‘ஆம்’ வந்தது. இடப்பக்கமும் வலப்பக்கமும் பார்த்துவிட்டு நீ சொன்னது. ‘இல்லை’ என்று நாலைந்து பேர் சொன்னபோது நீ மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

வெளியே கல் பெஞ்சில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தபோது உன் போன் வந்தது. தொண்டை கிழிய இல்லைன்னு கத்தினேன் அக்கா, அந்தக் கூச்சல்ல எடுபடலை என்றாய். தண்ணி குடிப்பா என்று சொல்லி வைத்துவிட்டேன். வேறு என்ன சொல்ல?

கட்சியில் உனக்கு நெருக்கடி இருந்திருக்கும். பயந்துட்டேன் அக்கா என்று சொல்லியிருந்தால், நாலு திட்டு திட்டிவிட்டுச் சோறு போட்டிருப்பேன். நம் ஊர்ப் பள்ளியில் இருபத்து மூன்று பிள்ளைகள். அதில் ரொட்டிக்கடைக்காரரின் இரண்டு பெண்களுக்கு ஐந்து வயதும் ஏழு வயதும். இதை மூடினால் அந்தக் குழந்தைகள் ஆறுவழிச் சாலையைக் கடந்து போக வேண்டும். என் பிணத்தைத் தாண்டித்தான் இந்தப் பள்ளியை மூட முடியும் என்று பெற்றோர் கூட்டத்தில் நீதானே முழங்கினாய்? அந்தப் பிணம் சௌகரியமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்ததை நான் மாடத்திலிருந்து பார்த்தேன்.

வகுப்பில் ஜன்னல் கண்ணாடி உடைந்தால், யார் உடைத்தது என்று மொத்தமாகக் கேட்கவே கூடாது. நாங்க இல்லை டீச்சர் என்று அத்தனை பேரும் ஒரே குரலில் சொல்வார்கள். ஒவ்வொருவராக எழுப்பிப் பெயர் சொல்லிக் கேட்டால்தான் உண்மை வரும். உங்கள் சபையிலும் அதற்கு வழி உண்டாம். எந்த உறுப்பினரும் எழுந்து, பெயர் சொல்லி வாக்கெடுங்கள் என்று கேட்கலாம் என்று வழிகாட்டிப் பெண் சொன்னாள். வரும் வியாழக்கிழமை கடைசி வாக்கெடுப்பு என்றும் சொன்னாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை ரொட்டிக்கடைக்காரர் வீட்டுக்கு வந்தார். நம்ம தம்பி எதிர்த்தாரா டீச்சர் என்று கேட்டார். பொய் சொல்லாதே என்று முப்பத்தாறு வருஷம் பிள்ளைகளை அதட்டியவள், ஆமாம் என்று தலையாட்டினேன். தம்பி ஒருத்தர் போதும் டீச்சர் என்று அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கை முழுக்க மாவு வாசனை.

வியாழக்கிழமை எழுந்து நில். பெயர் சொல்லிக் கேட்கச் சொல். தோற்றாலும், கட்சி உன்னை வெளியே தள்ளினாலும், நேரே இங்கே வா. நான் தலையாட்டியதை என்னால் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. நீ நினைத்தால் அதை மெய்யாக்கலாம். தெய்வம் உன் காலுக்கு வலுவைத் தரட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா