சந்தகை ஆறுவதற்குள்

காங்கேயம்,
10-8-1996, சனிக்கிழமை.

மரியாதைக்குரிய நங்கைக்கு,

உங்கள் தம்பி ரங்கராஜின் மனைவி நஞ்சம்மாள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். பிலாயில் நீங்களும் உங்கள் வீட்டுக்கார அண்ணனும் பிள்ளை அருண்குமாரும் சுகமாக இருக்க மாசாணியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

கல்யாணப் பத்திரிகை அனுப்பிப் பதினெட்டு நாளாகிறது, பதில் இல்லை. எஸ்.டி.டி. பூத்திலிருந்து உங்கள் பக்கத்து வீட்டுக்கு மூன்று முறை போன் போட்டேன். மூன்று முறையும் நீங்கள் கோயிலுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். பிலாயில் அத்தனை கோயில் இருப்பது எனக்குத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்திடம் வீட்டில் ஆள் இல்லை என்று சொல்லி அனுப்ப முடியாதல்லவா?

உங்கள் கடைசித் தம்பி, நம் சின்னவர் தம்பிதுரைக்கு ஆவணி இருபதாம் தேதி காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் முகூர்த்தம். உங்கள் அம்மா போனபிறகு நீங்கள் இடுப்பில் வைத்து வளர்த்த பிள்ளை. அக்காவாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து இணைச்சீர் செய்ய நீங்கள் வருவீர்களா மாட்டீர்களா என்பதுதான் இப்போது இந்த வீட்டில் எல்லோருடைய கவலையும். ஆனால் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. உங்கள் பெரிய தம்பியோ, தபால்காரர் வரும் நேரம் பார்த்து வாசலில் நிற்கிறார். கேட்டால் காற்று வாங்குகிறாராம். இந்த ஆடிக் காற்று சமையலறைக்குள்ளேயே வந்து அடுப்பை அணைக்கிறது, இவர் அதை வாங்க வாசலுக்குப் போகிறார்!

இன்று மத்தியானம் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு மணிக்கெல்லாம் நம் விடுதியில் பந்தி முடிந்துவிட்டது. மாட்டுச் சந்தைக்கு வந்தவர்கள் மாடி அறைகளில் படுத்து உறங்கிவிட்டார்கள். உங்கள் தம்பி மளிகை வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்தார். கழுவிய பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தால் வீடே அமைதியாக இருந்தது. எனக்கு மிகவும் பிடித்த நேரம் அது. விடுதியில் இருபத்துநாலு மணி நேரத்தில் நம்முடையது என்று சொல்ல அந்த இரண்டு மணி நேரம்தான். உங்கள் காலத்திலும் அப்படித்தானே இருந்திருக்கும்?

அப்போது அட்டாலியிலிருந்து சந்தகை பிழியும் அச்சை இறக்கினேன். உங்களுடைய அந்த மூன்று கால் இரும்பு அச்சுதான். நீங்கள் இந்த வீட்டுக்கு வராமல் போன எட்டு வருஷமாக அதை யாரும் தொடவில்லை. நீங்கள் வரும்போது துருப்பிடித்துக் கிடக்கக் கூடாதே என்று புளி போட்டுத் தேய்த்துத் தேங்காயெண்ணெய் தடவினேன். தேய்க்கத் தேய்க்கப் பளபளவென்று வந்தது. எனக்கு ஆசை வந்துவிட்டது. இட்லிக்கு ஊறிய அரிசி நிறைய இருந்தது. உளுந்தில் சேர்க்காமல் அதைத் தனியாகக் கெட்டியாக ஆட்டி, ஈடு ஈடாக வேகவைத்துவிட்டேன். நாற்பது இட்லி.

வெந்து இறக்கியபிறகுதான் புத்தி வந்தது. ஒருவர் அச்சைத் திருக, இன்னொருவர் கீழே தட்டைப் பிடித்துச் சுற்றினால்தான் இட்லி நூலாக இறங்கிச் சந்தகை ஆகும். சூடு ஆறினால் கல்லாகிவிடும், அப்புறம் எந்தப் பயில்வான் வந்தாலும் இறங்காது. உதவிக்கு இருக்கும் பாவாத்தாளோ அக்கா மகளின் காதுகுத்துக்குச் சோமனூர் போயிருந்தாள். ஆவி பறக்க நாற்பது இட்லி, நடுவில் நான் ஒருத்தி. நீங்கள் பார்த்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

கொப்பரை வியாபாரி கோவிந்தராஜுலு அய்யாவை நினைவிருக்கிறதா? இருபது வருஷமாக நம் இரண்டாம் நம்பர் அறையில் தங்குகிறவர். தண்ணீர் குடிக்க வந்தவர் அச்சைப் பார்த்து நின்றுவிட்டார். "ஏனுங்க அம்மணி, பெரியம்மணி வந்துட்டாங்களாக்கு?" என்று கேட்டு உள்ளே எட்டி எட்டிப் பார்த்தார். இல்லை என்றதும் அவர் முகம் போன போக்கை எழுத எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்துவிட்டார். நான்கு இட்லி இறங்குவதற்குள் மூச்சு வாங்கியது. ஐந்தாவதை எப்படியோ இறக்கிவிட்டு, தமக்குக் கொப்பரை பார்க்கத்தான் தெரியும் என்று ஒப்புக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் சின்னவர் வந்தார். அச்சைப் பார்த்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் திருக ஆரம்பித்தார். நான் தட்டைச் சுற்றினேன். மீதி முப்பத்தைந்து இட்லியும் நூல் நூலாக இறங்கியது. பாதியில் என் கையைப் பார்த்து, "அக்கா இத்தன வேகமாச் சுத்த மாட்டாங்க அண்ணி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா வராட்டி இணைச்சீரு வேண்டாமுங்க. வேற ஆர உக்கார வெச்சாலும் நான் எந்திரிச்சுப் போயிருவேன்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆவி அடிக்கிறது என்றார். நானும் அதையே சொன்னேன்.

தேங்காய்ப்பாலும் நாட்டுச்சர்க்கரையும் ஊற்றி எல்லோருக்கும் கொடுத்தேன். மாடியிலிருந்தவர்கள் வாசனைக்கே எழுந்து வந்துவிட்டார்கள். உங்கள் தம்பி மளிகை மூட்டையோடு வந்து, தட்டைப் பார்த்து, மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். வெகு நாளைக்குப் பிறகு இந்தச் சமையலறையில் அத்தனை பேர் சந்தோஷமாக நின்று சாப்பிட்டார்கள். எனக்கும் மனசு நிறைந்திருந்தது. அந்தத் தைரியத்தில்தான் இப்போது எழுதுகிறேன்.

நங்கை, எங்கள் கல்யாணத்தன்று ஆந்திராவில் மழை பெய்து தண்டவாளம் அறுத்துக்கொண்டு போக, நீங்கள் மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எப்படியோ வந்து சேர்ந்தீர்கள். உங்களுக்கென்று எடுத்த இணைச்சீர்ச் சேலையைக் கட்டிக்கொண்டு, உங்கள் இடத்தில் பெரியப்பா மகள் கருப்பாத்தாள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தீர்கள். தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்த காலோடு திரும்பிவிட்டீர்கள். தம்பி காத்திருக்கவில்லையே என்று இந்த எட்டு வருஷமாக அவர்மேல் கோபமாக இருக்கிறீர்கள்.

அவர் காத்திருந்தார். கல்யாணத்தை நடத்திய அருமைக்காரர் மூன்று முறை கூப்பிட்டும், அக்கா வரட்டும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பெண்ணின் அறையிலிருந்து, நேரம் போகிறது, யாரையாவது உட்கார வையுங்கள் என்று சொல்லி அனுப்பியது நான். கருப்பாத்தாளிடம்தான் சொல்லி அனுப்பினேன். எங்கள் அப்பா அப்போது படுக்கையில் இருந்தார். இந்த முகூர்த்தம் தவறினால் அவர் பார்க்க என் கல்யாணம் நடக்காது என்று பயந்தேன். எனக்குப் பத்தொன்பது வயது. நீங்கள் யார், இந்த வீட்டுக்கு என்னவெல்லாம் செய்தீர்கள் என்று எனக்கு அன்று தெரியாது. இந்த அடுப்பில் எட்டு வருஷம் வெந்தபிறகு தெரிகிறது.

இதை உங்கள் தம்பி இன்றுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை. உங்கள் கோபத்தைத் தானே வாங்கிக்கொண்டார். நானும் வாயை மூடிக்கொண்டு சௌகரியமாக இருந்துவிட்டேன். தப்பு என்னுடையது. திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள், இங்கே வந்து திட்டுங்கள்.

இந்தத் தடவையும் ஒரு பேச்சுக்குக் கருப்பாத்தாளைக் கேட்டுப் பார்க்கச் சொன்னார் அருமைக்காரர். கருப்பாத்தாளோ, "ஒருக்கா உக்காந்துபோட்டு எட்டு வருசமா அவ மொகத்துல முழிக்க முடியல, ஆள உடுங்க சாமி" என்று கும்பிட்டுவிட்டார். இணைச்சீர்ச் சேலை எடுத்தாகிவிட்டது. நீங்கள் விரும்பும் அரக்குநிறம், பச்சைக் கரை. மடிப்புப் பிரிக்காமல் என் பெட்டியில் இருக்கிறது.

அண்ணனுக்கு லீவு கிடைக்காவிட்டால் ஒரு தந்தி கொடுங்கள், இவரே வந்து அழைத்து வருவார். நீங்கள் தனியாக வருவதானால் எந்த ரயில் என்று மட்டும் எழுதுங்கள், ஈரோட்டு ஸ்டேஷனில் நாங்கள் நிற்போம். ரயில் தாமதமானால் தாமதமாகட்டும். ஏழரை தாண்டினால் தாண்டட்டும், அன்றைக்கு வேறு நல்ல நேரம் இல்லாமலா போய்விடும்? பெண் வீட்டாரிடமும் அருமைக்காரரிடமும் நானே பேசிவிட்டேன். யார் அவசரப்படுத்தினாலும் நங்கை வரட்டும் என்று இந்தத் தடவை சொல்லப்போவது நான்தான்.

பிள்ளை அருண்குமாருக்கு எங்கள் ஆசிகள். உங்களை நேரில் கண்டு காலில் விழக் காத்திருக்கும்,

உங்கள் தம்பி மனைவி,
நஞ்சம்மாள்.

பின்குறிப்பு: சந்தகை கொஞ்சம் தடிமனாகத்தான் வந்தது. பெரியம்மணி கை பட்டால்தான் சரியாகும் என்று சொல்லிவிட்டு, கோவிந்தராஜுலு அய்யா ஆவணி பத்தொன்பதாம் தேதிக்கே அறையைச் சொல்லி வைத்திருக்கிறார்.