பச்சை விளக்குக்கு முந்திய ஒரு செக்கன்

அண்ணை,

சென்ற செவ்வாய்க்கிழமை இல்ஃபோர்ட்டில் கண் பரிசோதிக்கப் போனேன். இருட்டறைச் சுவரில் ஒளிரும் ஒரு சட்டம், பாதி சிவப்பு, பாதி பச்சை. இரண்டிலும் கறுப்பு வட்டங்கள். "அங்கிள், வட்டம் சிவப்பில கிளியரா இருக்கா, பச்சையில கிளியரா இருக்கா?" என்று அந்தப் பெண் கேட்டாள். எங்கள் ஆட்களின் பிள்ளைதான். நான் இரண்டையும் இன்னொரு தரம் பார்த்தேன். "இது எக்ஸாம் இல்ல அங்கிள், சும்மா சொல்லுங்கோ" என்றாள். சிவப்பும் பச்சையும் அருகருகே எரிந்தால் எனக்கு இன்னும் அந்த ஐஸ் ஹொக்கி அரங்குதான். கோல் வலைக்குப் பின்னால் என் கண்ணாடிக் கூண்டு, தூரத்தில் மணிக்கூட்டுப் பெட்டிக்கு முன்னால் நீங்கள்.

என்னை அங்கே கொண்டுபோனது நீங்கள். ஊரில் நில அளவைக் கந்தோரில் படம் கீறியவன், ஈஸ்ட் ஹாமில் ஓர் அறைக்குள்ளும் பெற்றோல் ஷெட்டின் ஷிப்டுக்குள்ளும் அடைந்து கிடந்தேன். உங்களுக்கு அரங்கின் பனித்தளத்தைப் பராமரிக்கும் வேலை. ஞாயிறு மாலைப் போட்டிகளில் மணிக்கூடும் உங்கள் பொறுப்பு. கோல் விழுந்ததா என்று பார்க்கிற அலுவலர் ஒருநாள் வராமல் விட, என் கதவைத் தட்டினீர்கள்.

"எழும்பு சேர்வேயர், வேலை இருக்கு."

"எனக்கு அந்த விளையாட்டே தெரியாது அண்ணை."

"விளையாட்டு உனக்கு ஏன்? கோடு தெரியுமெல்லே? கறுப்பு வட்டு கோட்டை முழுசாத் தாண்டினா பட்டனை அமத்து, சிவப்பு லைட் எரியும். தாண்டாட்டி சும்மா இரு. சும்மா இருக்கிறதிலை உன்னை ஆர் வெல்லுறது?"

அந்தக் கூண்டு எனக்குப் பிடித்துவிட்டது. முழங்காலில் கம்பளி, கையில் ஒரு பட்டன், பார்க்க ஒரு கோடு. யாரும் என்னோடு பேசத் தேவையில்லை, ஆனால் இரண்டாயிரம் பேர் சுற்றியிருந்தார்கள். கிழமையில் அந்த மூன்று மணித்தியாலம்தான் நான் லண்டனில் இருக்கிறேன் என்று தோன்றும். ஒரு குறை மட்டும் இருந்தது. அளவைக் கந்தோரில் எந்த வாசிப்பையும் இரண்டு தரம் பார்த்துத்தான் எழுதுவோம். அந்தப் பழக்கம் விடவில்லை. வட்டுக்கும் கோட்டுக்கும் இடையில் வெள்ளைப் பனி தெரிகிறதா என்று இன்னொரு தரம் பார்த்துவிட்டே அமத்துவேன். "முதல் தரம் பாத்தது ஆற்றை கண்?" என்று நீங்கள் சிரிப்பீர்கள்.

எண்பதுகளின் கடைசியில் அந்த அரையிறுதி வந்தது. தோற்றால் அந்தப் பருவமே முடிந்துவிடும். எங்கள் அணி ஒரு கோல் பின்னால் நின்றது. கடைசிச் செக்கன்களில் வலைக்கு முன்னால் ஆட்கள் குவிந்து விழுந்தார்கள். அந்தக் கால்களுக்கு இடையால் வட்டு நழுவி வந்து கோட்டைத் தாண்டியது. நான் கண்டேன். அண்ணை, ஒரு தரத்திலேயே கண்டேன். பிறகு வழக்கம்போல இரண்டாம் தரம் பார்த்தேன். அதற்குள் நேரம் முடிந்து, மணிக்கூட்டோடு இணைத்திருந்த பச்சை விளக்கு எரிந்தது. பச்சை எரிந்தால் சிவப்பு எரியாது, கம்பியை அப்படித்தான் பூட்டியிருந்தார்கள். நான் அமத்திய பட்டன் செத்துக் கிடந்தது.

ஆட்குவியலில் நடுவருக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. வழுக்கிவந்து என் கண்ணாடியைத் தட்டினார். பச்சைக்கு முன்னால் உள்ளே போனதா என்று கேட்டார்.

"சிவப்பு எரியவில்லை" என்றேன்.

"அது எனக்கும் தெரிகிறது. நீ என்ன கண்டாய்?"

இரண்டாயிரம் பேரும் என்னையே பார்த்தார்கள். "நிச்சயமில்லை" என்றேன். அவர் கையை வீசிக் கோல் இல்லை என்றார்.

சனத்தின் ஆத்திரம் என் பக்கம் வரவில்லை. முந்திய விசிலுக்கு மணிக்கூட்டை ஒரு செக்கன் பிந்தி நிறுத்தினீர்கள், அந்தச் செக்கன் இருந்திருந்தால் கோல் செல்லுபடியாகியிருக்கும் என்று யாரோ கத்தினார்கள். அது அரங்கு முழுக்கப் பரவியது. உங்கள் ஊரில் மணிக்கூடு இல்லையா என்று ஒருவன் கேட்டான். பிறகு அலுவலர் அறையில் செயலாளர் உங்களை விசாரித்தபோது நானும் அங்கே தேநீர்க் கோப்பையோடு இருந்தேன். நீங்கள் என்னை ஒருமுறை பார்த்தீர்கள். நான் கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தேன். "பிந்தியிருப்பேன், இருக்கலாம்" என்று அவரிடம் சொன்னீர்கள்.

பஸ்ஸில் வீடு திரும்பும்போது கேட்டது ஒன்றே ஒன்று: "நாளைக்கு எத்தினை மணிக்கு ஷிப்ட்?"

அடுத்த பருவம் மணிக்கூட்டுக்கு முன்னால் வேறொருவர் இருந்தார். என் கூண்டு எனக்கே இருந்தது. இடைவேளைகளில் நீங்கள் மண்வெட்டியோடு பனிச்சீவல் வாரிக்கொண்டு என்னைக் கடந்து போவீர்கள். "ஏய், ஒரு செக்கன்!" என்று பெடியள் கூப்பிடுவார்கள். அதுவே உங்கள் பெயராகிவிட்டது. நீங்கள் கையசைப்பீர்கள். நான் கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

தொண்ணூறுகளின் நடுவில், ஈஸ்ட் ஹாமில் ஒரு தேநீர்க்கடையில், எதையோ கதைத்துக்கொண்டிருந்த நீங்கள் திடீரென்று சொன்னீர்கள்.

"வட்டு உள்ளுக்கை போகேக்கை ஒரு செக்கன் கிடந்தது. நான் மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டெல்லே இருந்தனான். நீ இரண்டாம் தரம் பாத்திருப்பாய்."

"அப்ப ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா உன்னைக் கூண்டிலையிருந்து எழுப்பிப்போடுவாங்கள். எனக்கு அங்கை வேலை இருந்தது, வீட்டிலை மனுசி, பிள்ளை. உனக்கு அந்தக் கூண்டை விட்டா என்னடா இருந்தது?"

அந்த இடத்தில் சொல்ல வேண்டிய வார்த்தை எனக்குத் தெரியும். "வடை ஆறுது, சாப்பிடுங்கோ அண்ணை" என்றேன். நீங்கள் சாப்பிட்டீர்கள். மாரி முடிவதற்குள் போய்விட்டீர்கள்.

உங்கள் செத்தவீட்டுக்கு அரங்கின் பழைய ரசிகர் இருவர் வந்தார்கள். அன்பாகத்தான் வந்தார்கள். ஒருவர் உங்கள் மகளின் கையைப் பிடித்து, "எங்கள் அரையிறுதியைத் தோற்கடித்த மனிதர், ஆனாலும் நல்ல மனிதர்" என்று சிரித்தார். அவளும் அழுகைக்கு நடுவே சிரித்து, "அப்பாவுக்கு நேரமே சரிவராது" என்றாள். நான் இரண்டு கதிரை தள்ளி இருந்தேன். அன்றும் எனக்கு நிச்சயமில்லாமல் போய்விட்டது. இப்போது அவள் தன் பிள்ளைகளுக்கும் அதைப் பகிடியாகச் சொல்கிறாளாம்.

என்னிடம் மிஞ்சியிருப்பது இவ்வளவுதான், அண்ணை: வட்டு தாண்டியது. அப்போது பச்சை எரியவில்லை. பிந்தியது நான். நடுவருக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இன்றைக்குத்தான் எழுதுகிறேன். திரும்ப வாசித்துச் சரிபார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இதை உங்கள் மகளிடம் கொண்டுபோகிறேன். அவளுக்குத் தமிழ் விளங்கும், வாசிக்கத் தெரியாது. நான்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.