மாடசாமி புஞ்சையில் எடுத்த பானை

9-3-64, திங்கள்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. செருப்பு வார் அறுந்தது. குற்றாலத்தில் ரூம் எடுத்து என்ன பயன், அருவி காய்ந்து கிடக்கிறது. குழாயடிக் குளியல்தான்.

இன்று சுரண்டைப் பக்கம் மாடசாமி என்பவரின் புஞ்சை. புது ரோடு இதன் வழியாக. முளை அடித்தாயிற்று. மண் கொட்டும் முன் அடியில் பழங்காலத்து முதுமக்கள் தாழி ஏதும் உண்டா என்று பார்ப்பது எங்கள் தொல்பொருள் இலாகா வேலை. நாலு இரும்புக் கம்பி, ஒயர், கையால் சுற்றும் மீட்டர். காய்ந்த மண்ணில் முள் ஏறும், ஈரத்தில் இறங்கும். நிலம் முழுக்க ஏறியே நின்றது. உடைமரத்துப் பக்கம் ஒரே இடத்தில் சடாரென்று இறங்கியது. எங்கள் ஆபீசருக்கு வாயெல்லாம் பல். தாழிக்குத் தோண்டிய குழியில்தான் இப்படி ஈரம் தங்குமாம். நாளை தோண்டுகிறோம் என்று மாடசாமியிடம் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார். தகராறு இல்லாத மனுஷர். போன ஊரில் திட்டு வாங்கியே வயிறு நிறைந்தது.

10-3, செவ்வாய்

மாடசாமி கையில் புது வெள்ளைத் துணியோடு நின்றார். என்ன அண்ணாச்சி, கல்யாணமா என்று கேட்டுத் தொலைத்தேன்.

முழங்கால் ஆழத்தில் பானை வாய். ஆபீசர் தானே இறங்கி மண்ணைத் தள்ளினார். பழசு இல்லை. சந்தையில் விற்கும் சோற்றுப் பானை. உள்ளே மக்கிய மஞ்சள் துணி, குச்சி குச்சியாக எலும்பு, ஒரு கறுப்பு வளையல். என் இரண்டு விரல்தான் அதில் நுழையும்.

மாடசாமியின் மகள். எட்டு மாசக் குழந்தை. இங்கே பால்குடி மறக்காத பிள்ளையைப் பானையில் வைத்துச் சொந்த நிலத்தில்தான் புதைப்பார்களாம். அடையாளம் வைப்பதில்லை, அப்புறம் பேச்செடுப்பதும் இல்லை.

ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று ஆபீசர் கத்தினார்.

"மெசினு சொல்லிட்டுன்னு நெனச்சேன்யா. ரோடு போடுமுன்ன எடுத்துக் குடுக்கத்தான் வந்திருக்கீயன்னு..."

துணி அதற்குத்தான்.

அப்போதும் எனக்குப் புரியாதது அந்த ஈரம். பக்கத்து நிலமெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கையில் இங்கே மட்டும் எப்படி? அவர் மனைவி பேச்சியைக் கேட்டேன். தினம் விடியுமுன் ஒரு குடம் ஊற்றுகிறாள்.

"காய்ச்சல்ல போன பிள்ளய்யா. மேலு அனலாக் கொதிச்சுது. இங்கன வேற இந்த வெயிலு. அதான் ஊத்துதேன்."

ஆபீசர் தொப்பியைக் கழற்றிவிட்டுப் போய் ஜீப்பில் உட்கார்ந்துகொண்டார். முளைக்கு வெகு தள்ளி நாங்களே வேறு குழி வெட்டிக் கொடுத்தோம்.

11-3, புதன்

வெயில். ஆபீசருக்குத் தலைவலி, வரவில்லை. அடுத்த புஞ்சைக்குக் கம்பியும் மீட்டருமாகப் போனோம். நேற்றைய சேதி ஊர் முழுக்கப் பரவியிருக்கிறது. நிலத்துக்குள் மூன்று பெண்கள், தள்ளித் தள்ளி, ஆளுக்கொரு இடத்தில் நின்றார்கள். கூப்பிட்டேன், நகரவில்லை. ஒருத்தி காலடியில் பார்த்தேன். ஈரம்கூட இல்லை, மண் காய்ந்துதான் கிடந்தது. மீட்டர் முள் அங்கே இறங்கியிருக்காது.