தேறுதான், தேறிட்டான்

இன்று சாயங்காலம் மேலப்பாளையம் பஸ் நிறுத்தத்தில் சால்னா வாசனை மூக்கில் ஏறியது. நீ செத்துப்போய் ஐந்து வருஷமாகியும் அங்கே இருக்கும் பரோட்டாக் கடைப் பக்கம் நான் தலை திருப்புவதில்லை. பையில் நான் மொழிபெயர்த்த அரசு நோட்டீஸ் இருந்தது. வாசனை வந்த அந்த நொடியில்தான், அதில் நான் செய்துவைத்திருக்கும் காரியம் உறைத்தது.

உங்கள் கடல் ஆவுளியாவைப் பற்றிய நோட்டீஸ் அது. கடல்பசு என்று எழுதியிருக்கிறேன். நீ இருந்தால், “பசுவாலே? செம்பைத் தூக்கிட்டு வா, பால் கறப்போம்” என்று கேலி செய்திருப்பாய். அழிந்துவிடுமோ என்று சட்டம் போட்டுக் காத்த உயிர் இப்போது கொஞ்சம் கொஞ்சமாகப் பெருகுகிறதாம். சட்டத்தைத் தளர்த்தலாமா, அது மேயும் கடற்புல் பக்கம் மறுபடி வலை விடலாமா என்று நாளைக் காலை கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘மீண்டு வருகிறது’ என்றுதான் இருந்தது. நான் ‘மீண்டுவிட்டது’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அச்சடித்துக் கடற்கரை ஊரெல்லாம் ஒட்டியும் ஆயிற்று.

புன்னைக்காயலில் ஆறு கடலில் சேரும் இடத்துக்கு என்னை வள்ளத்தில் கூட்டிப்போனாயே. அன்று உன் வலையில் ஆவுளியா ஒன்று சிக்கி, மூச்செடுக்க மேலே வர முடியாமல் புரண்டது. நான் பயந்துபோய் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். நீ புது வலையென்றும் பார்க்காமல் அறுத்துவிட்டாய். அது மேலே வந்து புஸ்ஸென்று மூச்சு விட்டதும் நான் கைதட்டினேன். “மூச்சு விட்டுட்டுன்னா பொழைச்சிட்டுன்னு அர்த்தமாலே? எஞ்சினைப் போடாத. பைய போவட்டும்” என்றாய். அரைமணி நேரம் அலையில் ஆடிக்கொண்டே காத்திருந்தோம். எனக்குக் குடலே வாய்க்கு வந்தது.

மஞ்சள்காமாலையோடு நீ பாளையங்கோட்டையில் என் வீட்டில் கிடந்தபோது, பாவி எனக்கு அந்தப் பேச்சு ஞாபகம் வரவில்லை. “தேறுதாரு. பத்தியத்தை விட்டுராதீங்க, கடலுக்கும் அனுப்பாதீங்க” என்றார் டாக்டர். உன் கண்ணில் மஞ்சள் குறைந்த சந்தோஷத்தில் உன் வீட்டுக்குப் போன் போட்டு, “தேறிட்டான்” என்றேன். பரோட்டாவும் சால்னாவும் வாங்கிவந்து உன் முன்னால் வைத்தேன். நீயும் விரலைச் சூப்பிச் சாப்பிட்டாய். மறுவாரம் கடலுக்குப் போனாய். மாசம் முடியவில்லை, காமாலை திரும்ப வந்து போயே போய்விட்டாய். அடக்கம் முடிந்து வந்தபோது உன் மனைவி என்னைத் திட்டவில்லை. “தேறுதாவன்னுதானே டாக்டர் சொன்னாரு. தேறிட்டாவன்னு சொன்னது நீங்கதானே அண்ணாச்சி?” என்று மட்டும் கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் உன் தம்பிக்குப் போன் செய்தேன். நாளை சட்டத்தைத் தளர்த்தச் சொல்லிப் பேசப்போகிறவன் அவன்தான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கரைப் பக்கம் வலை விட வழியில்லாமல் வெகுதூரம் போய் வெறும் வள்ளத்தோடு திரும்புகிறான். “நோட்டீஸ்லயே போட்டுட்டாவளே அண்ணாச்சி, மீண்டுட்டுன்னு. இனி என்ன பேச்சு?” என்று சிரித்தான்.

“அது என் தப்புலே. மீண்டு வருதுன்னுதான் எழுதியிருக்கணும்.”

“எங்க அண்ணனுக்கும் இப்படித்தானே சொன்னீய” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

பயமாக இருக்கிறது. நாளை அத்தனை பேர் முன்னால் எழுந்து நான் தப்பாக எழுதிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். வேலை போகலாம். உன் ஊரில் இனி கால் வைக்க முடியாமல் போகலாம். அதைவிட, வாய் திறக்காமல் உட்கார்ந்தே இருந்துவிடுவேனோ என்றுதான் அதிகம் பயம். நோட்டீஸில் ‘விட்டது’ என்பதை அடித்து, மேலே ‘வருகிறது’ என்று எழுதி வைத்திருக்கிறேன். என் முறை வந்து நாக்கு ஒட்டிக்கொண்டாலும், நீ சொன்ன அந்த ஒன்று எனக்கு மனப்பாடம். அதையாவது சொல்லிவிடுவேன்: மூச்சு விட்டிருக்கு, அவ்வளவுதான். எஞ்சினைப் போடாதீங்க. பைய போவட்டும்.