ஐந்து பாகம்

செவ்வாய், 08.03.2005

சைக்கிள் டியூப் வெடித்து அலுவலகத்துக்குப் பிந்திப் போனேன். வியாழக்கிழமை கொழும்பிலிருந்து விசாரணைக் குழு வருகிறதாம். போன மாதம் சுனாமி முகாமுக்கு மேல், நிவாரணச் சாமான் கொண்டுவந்த இரண்டு ஹெலிகொப்டர்கள் மோதப் பார்த்தனவே, அந்த விஷயம். சாட்சி சொல்வதைச் சிங்களத்தில் சொல்ல நான்தான். நன்றாகச் செய்தால் வேலை நிரந்தரமாகும். வெள்ளைச் சேர்ட்டைத் தோய்க்க வேண்டும்.

வியாழன், 10.03.2005

சாட்சி ஒரே ஒருவர், அபுல் ஹஸன் காக்கா. வயதில் மூத்தவர், கடற்றொழில் செய்தவர். தோணியைக் கடல் கொண்டுபோன பிறகு குடும்பத்தோடு அந்த முகாமில்தான் இருக்கிறார். இரண்டு ஹெலிகொப்டர்களுக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருந்தது என்று கேட்டார்கள்.

"அஞ்சு பாகம் இரிக்கும் சேர். அதுக்கு மேல இல்ல."

பாகமா? எங்கள் மாவடிப்பள்ளி வயலில் பாகம் என்றால் பங்கு. கடல்காரர் கணக்கு எனக்கு எங்கே தெரியும்? நான் முழிப்பதைக் கண்ட பெரிய அதிகாரி, "பர்லாங்கா?" என்றார். தலையாட்டிவிட்டேன். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

ஐந்து பர்லாங் என்று சிங்களத்தில் எழுதினார்கள். தனக்கு விளங்காத அந்த எழுத்தின் கீழ் காக்கா ஒப்பம் வைத்தார்.

அதே நாள், பின்னேரம்

ஸுலைஹாவிடம் கேட்டேன். என் மனைவி சாய்ந்தமருதுக் கடற்கரையில் பிறந்தவள். முதலில் சிரித்தாள்.

"பாகமெண்டா ஒரு ஆள் ரெண்டு கையயும் விரிச்ச நீளம். ஆறடி வரும்."

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "அப்ப முப்பதடி. நீங்க அத அரை மைலுக்கு மேல ஆக்கிட்டு வந்திரிக்கீங்க. விடியவே போய்ச் சொல்லுங்க. கீழ அவ்வளவு சனம் கிடக்கு."

வெள்ளி, 11.03.2005

போனேன். அவர்கள் தங்கிய விடுதியின் வாசல் வரை. எல்லோரும் ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார்கள். பெரிய அதிகாரி என்னைக் கண்டு, "உங்கள் சிங்களம் நல்லது" என்றார். பல்லைக் காட்டிக்கொண்டு கையசைத்தேன். ஜீப் போய்விட்டது.

ஸுலைஹாவிடம், சொல்லிவிட்டேன் என்று சொன்னேன்.

20.06.2005

அறிக்கை வந்தது. தமிழில் பெயர்த்ததும் நானே. 'கண்கண்ட சாட்சியே இடைவெளி ஐந்து பர்லாங் எனக் கூறியிருப்பதால் ஆபத்து எதுவும் இருக்கவில்லை. மேல் நடவடிக்கை தேவையில்லை.' யார் பிழை, யார் பொறுப்பு என்று இனி எவரும் கேட்கப் போவதில்லை. ஹெலிகொப்டர்கள் அதே பாதையில்தான் வருகின்றன. சத்தம் கேட்டால் முகாமில் பிள்ளைகள் கூடாரத்தை விட்டு ஓடுகிறார்களாம்.

02.08.2005

வேலை நிரந்தரம்.

14.02.2006

சந்தையில் ஹஸன் காக்காவை 'பர்லாங்கு' என்று கூப்பிடுகிறார்கள். ஹெலிகொப்டர்கள் முட்டப் பார்த்தன என்று ஊருக்குள் சொன்னவர் விசாரணையில் மாற்றிச் சொன்னாராம், பொய்க்காரராம். என்னைக் கண்டதும் கிட்ட வந்தார்.

"நான் அப்பிடியா தம்பி சொன்னன்?"

"ஞாபகமில்ல காக்கா."

சீ. நானும் ஒரு மனுசனா?

17.02.2006

கொழும்புக்கு ஒரு மொட்டைப் பெட்டிசம் போட்டேன். மொழிபெயர்ப்பில் பிழை, மறுபடி விசாரியுங்கள் என்று. பெயர் இல்லை. இடக்கையால் எழுதினேன். அக்கரைப்பற்று வரை பஸ்ஸில் போய்த் தபாலில் சேர்த்தேன். உண்மையைச் சொல்லவும் களவாகத்தான் வருகிறது எனக்கு.

05.11.2007

பதில் இல்லை. நிம்மதியாக இருக்கிறது — அதுவும் வெட்கம்.

22.06.2009

யுத்தம் முடிந்து ஒரு மாதம். மேலிடத்தில் பழைய கோப்புகளைத் தட்டுகிறார்கள் போலும். என் பெட்டிசம் நாலு முத்திரைகளோடு என் மேசைக்கே வந்துவிட்டது. 'மொழிபெயர்ப்பு உத்தியோகத்தர் விசாரித்து அறிக்கை தரவும்.' என்னை நானே விசாரிக்க வேண்டும். நல்ல அரசாங்கம்.

'முறைப்பாட்டுக்கு ஆதாரம் இல்லை' என்று எழுதினால் முடிந்தது. எழுதியும் விட்டேன். பிறகு கிழித்தேன். ஹஸன் காக்காவை வரச்சொல்லிக் கடிதம் அனுப்பியிருக்கிறேன்.

வியாழன், 02.07.2009

வந்தார். கதிரையில் இருக்கவும் இல்லை, சொல்லத் தொடங்கிவிட்டார்.

"எனக்காக ஆரோ பெட்டிசம் போட்டிரிக்காங்க எண்டு கடிதத்த வாசிச்சவங்க சொன்னாங்க. ஆரெண்டு தெரியா. அண்டையிலிருந்து ஒவ்வொரு தொழுகையிலயும் அந்த மனிசனுக்குத் துஆக் கேக்கன்."

"அது நான்தான் காக்கா."

என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில் இருந்துகொண்டே மிச்சத்தையும் சொன்னேன். தலையாட்டியதை, விடுதி வாசலில் திரும்பியதை, சந்தையில் ஞாபகமில்லை என்றதை. கைகளை விட்டுவிட்டார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். மேசையில் கிடந்த தாளை என் பக்கம் தள்ளினார்.

"எழுதுங்க," என்றார்.

எல்லாவற்றையும் இந்த முறை தமிழிலேயே எழுதினேன். என் பெயரையும் எழுதினேன். பேனையை நீட்டினேன், வாங்கவில்லை.

"வாசிங்க."

வாசித்தேன். இரண்டாம் தரமும் வாசிக்க வைத்தார். பிறகு தாளை என்னிடமிருந்து வாங்கி, அடுத்த மேசையில் தட்டச்சு செய்யும் மீனாம்பிகையிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"புள்ள, எனக்கு வாசிக்கத் தெரியா. இதில என்ன எழுதியிரிக்கி எண்டு கொஞ்சம் சத்தமா வாசிங்க."

அவள் வாசித்தாள். அலுவலகம் முழுவதும் கேட்டது. ஒரு சொல்லும் மாறவில்லை என்று கண்ட பிறகுதான் ஒப்பம் வைத்தார்.