தனிக் கொடி

என்னங்க,

நேரில் சொல்ல முகமில்லை. அதனால் டிபன் பையில் வைக்கிறேன்.

இரண்டு மாதமாக எனக்குக் கீழே அரிப்பு, சின்னச் சின்னக் கட்டிகள். நீங்கள்தான் எங்கிருந்தோ கொண்டுவந்தீர்கள் என்று நினைத்து, உங்கள் துண்டைத் தனிக் கொடிக்கு மாற்றினேன். ஏன் என்று நீங்கள் கேட்கவேயில்லை.

நேற்று பூந்தமல்லியில் லேடி டாக்டரிடம் காட்டினேன். "யார்கிட்டேர்ந்தும் தொத்திக்கினது இல்லம்மா. ஷேவ் பண்ணதுல முடி வேர்ல கட்டி. வாசனை சோப்பு போட்டுத் தேய்ச்சதுல அரிப்பு. வெறும் தண்ணியே போதும்" என்றார்.

உங்களைச் சந்தேகித்த அருவருப்பில்தான் தினம் மூன்று தடவை தேய்த்தேன்.

காலையில் அந்தத் தனிக் கொடியிலிருந்து துண்டை எடுக்கப் போனேன். பக்கத்தில் உங்கள் சட்டை, லுங்கி, எல்லாம் நீங்களே துவைத்துப் போட்டிருந்தீர்கள்.

எல்லாவற்றையும் என் கொடிக்கு மாற்றிவிட்டேன். சாயங்காலம் தனிக் கொடியில் தேடாதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரி